வ. உ. சிதம்பரம்பிள்ளை

வ. உ. சிதம்பரம்பிள்ளை (செப்டம்பர் 5, 1872 – நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், தமிழறிஞர். வ. உ. சி. எனச் சுருக்கமாகவும், கப்பலோட்டிய தமிழன் எனச் சிறப்பாகவும் அழைக்கப்படுகிறார். 1908 ஆம் ஆண்டு இவர் மீது நடத்தப்பட்ட அரசநிந்தனை வழக்கின் ஆவணங்கள், இந்தியாவில் பேச்சுரிமை பற்றிய வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

பிறப்பும் கல்வியும்

வ. உ. சி. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையும் வழக்கறிஞரே. சட்டம் பயின்று ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கிய இவர், 1900 இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

சுதேசிக் கப்பல் நிறுவனம்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து அப்போது ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. இதற்கு மாற்றாக அக்டோபர் 16, 1906 இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. இதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் திரட்டத் திட்டமிடப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், வ. உ. சி. செயலராகவும் விளங்கினர். 1907 இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வாங்கப்பட்டன. ஆங்கிலேய அரசு இயற்றிய நிறுவனச் சட்டத்தின்படியே பதிவு பெற்றதால், வணிகப் போட்டியைக் காரணம் காட்டி இச்சங்கத்தைத் தடைசெய்ய அரசுக்கு வழியில்லாதிருந்தது.

ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம்

ஹார்வி நிறுவனம் தாமிரபரணிப் பகுதியில் நூற்பாலைகளை நடத்தி வந்தது. பொதிகை மலையடிவாரத்தில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் அருவி நீரின் விசையைப் பயன்படுத்தி ஓர் ஆலை இயங்கியது. கடற்கரையில் தூத்துக்குடியில் கோரல் ஆலை இருந்தது. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் பிப்ரவரி 27, 1908 இல் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சி., சுப்பிரமணிய சிவா ஆகியோர் இவர்களுக்குத் துணை நின்றனர். ஒன்பது நாட்களுக்குப் பின் நிர்வாகம் ஊதிய உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இணங்கியது.

கைதும் வழக்கும்

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டம் மார்ச் 9, 1908 இல் திருநெல்வேலியில் நடந்தது. மாவட்ட ஆட்சியர் வின்ச், மார்ச் 12 இல் வ. உ. சி.யையும் சிவாவையும் கைது செய்வித்தார். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். பின்னர் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊர் மக்கள் மீது வரியாகச் சுமத்தப்பட்டது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. மேடையில் தமிழில் ஆற்றிய உரைகள் பற்றிய காவல்துறைக் குறிப்புகளே முக்கியச் சான்றாயின. ஜூலை 7, 1908 இல் நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தலும், வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் விதித்தார். இரண்டு வாரங்களுக்குப் பின் இதே பிரிவின் கீழ் பால கங்காதர திலகருக்கு ஆறாண்டு தண்டனை விதிக்கப்பட்டதை நோக்க, இத்தீர்ப்பின் கடுமை விளங்கும். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வ. உ. சி.யின் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் இவர் செக்கிழுக்க வைக்கப்பட்டார். பின்னர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, டிசம்பர் 1912 இல் விடுதலையானார். அதற்குள் சுதேசி நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டு, காலியா கப்பல் போட்டி நிறுவனத்துக்கே விற்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பிற்காலத்தில் அவ்வுரிமம் மீண்டும் கிடைத்தது. நன்றியின் அடையாளமாகத் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்.

தமிழ்ப்பணி

வ. உ. சி. திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். சேம்சு ஆலனின் நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தார். விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் மாபாடியம் எழுதிய சிவஞான போதத்துக்கு, வ. உ. சி. 1935 இல் தாமும் ஓர் உரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் காலமானார்.

ஆவணங்களும் அவற்றின் விளைவும்

1918 இல் நீதிபதி ரௌலட் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, சென்னை மாகாணம் பற்றிய பகுதியில் 1908 ஆம் ஆண்டின் திருநெல்வேலி நிகழ்வுகளையும் 1911 இல் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதையும் குறிப்பிட்டது. அவ்வறிக்கையின் அடிப்படையில் 1919 இல் ரௌலட் சட்டம் பிறந்தது. அதை எதிர்த்த கிளர்ச்சியே விடுதலைப் போராட்டத்தை நாடு தழுவிய மக்கள் இயக்கமாக்கியது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு வரைவில், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களுள் அரசநிந்தனையும் இடம்பெற்றிருந்தது. டிசம்பர் 1948 இல் அரசியல் நிர்ணய சபையில் கே. எம். முன்ஷி கொணர்ந்த திருத்தத்தால் அச்சொல் நீக்கப்பட்டது. எனினும் தண்டனைச் சட்டத்தில் 124-அ பிரிவு நீடித்தது. உச்ச நீதிமன்றம் 1962 இல் வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கே அது பொருந்தும் என வரையறுத்தது. 2022 இல் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. ஜூலை 1, 2024 இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அப்பெயரைக் கைவிட்டது. ஆயினும் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு செய்யும் பேச்சைத் தண்டிக்கும் 152 ஆம் பிரிவு அதில் உள்ளது.

வ. உ. சி.யைத் தண்டிப்பதற்காக ஆங்கில அரசு தொகுத்த கோப்புகளும் தீர்ப்புகளும், இன்று அவர் வாழ்வை ஆராய்வோருக்கு முதன்மைச் சான்றுகளாகியுள்ளன. 1908 நிகழ்வுகளைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ஆய்வு நூல் 2024 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது.

நினைவுச் சின்னங்கள்

நூற்றாண்டு விழாவையொட்டி 1972 இல் இந்திய அரசு இவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011 இல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் சூட்டப்பட்டது.