கடல் கேட்க வைத்த கேள்வி

சி. வி. இராமன் 1888ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். 1921ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு குழந்தையைப்போல் வியந்தார். வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்று அறிஞர்கள் பலர் அன்று நம்பினர். இராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. தம்மிடமிருந்த பட்டகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் எதிரொளித்த வான ஒளியை விலக்கிப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீரும் ஒளியைச் சிதறடிக்கிறது என உணர்ந்தார். அந்த வியப்பில் தொடங்கிய ஆய்வு, 1928இல் ‘இராமன் விளைவு’ என்னும் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னரும் அவரது வியப்பு குறையவில்லை. எழுபது வயதைக் கடந்தும் பூக்களின் நிறங்களை ஆராய்ந்தார். 1970இல் மறைந்தார். கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குச் செல்லும்போது, நீங்களும் கடலைச் சற்று நின்று பாருங்கள். உங்களுக்குள் என்ன கேள்வி எழுகிறது?