மூட்டு மருத்துவ மேதை ஜான் சார்ன்லி

நம் தூத்துக்குடி உப்பளங்களில் ஆண்டுக்கணக்காய் உப்புச் சுமந்தவர்களிடம் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டால் வாயு என்பார்கள். என் ஆச்சியும் அப்படித்தான் சொல்லுவார்கள். உண்மையில் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு நடமாடினால் வலி, காலையில் அரைமணிக்கு மேல் நீடிக்காத பிடிப்பு என்றிருந்தால், எக்ஸ்ரே இன்றியே இந்நோயை இனங்காணலாம் என்பது இன்றைய மருத்துவ நெறிமுறை. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மேற்பூச்சு மருந்து ஆகியவையே முதற் சிகிச்சை. இவற்றுக்கெல்லாம் அடங்காமல் இடுப்பு மூட்டு அறவே கெட்டுப்போனவர்களுக்கு வழிகண்டவர்தான் சார்ன்லி.

1911-இல் இங்கிலாந்தில் பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடை நடத்தினார், தாய் செவிலி. மான்செஸ்டரில் மருத்துவம் பயின்று, உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார்.

செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவருக்கு அது கிறீச்சிட்டது. அந்தச் சத்தமே சார்ன்லியை உராய்வைப் பற்றிச் சிந்திக்க வைத்ததாம். முன்பு காசநோய் மருத்துவமனையாயிருந்த ரைட்டிங்டனில், உலோகப் பந்துக்கு வழுவழுப்பான டெஃப்லான் கிண்ணம் அமைத்தார். ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பொருத்தினார். வலி தீர்ந்து அவர்கள் நடந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்தது. உதிர்ந்த துகள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தது. இந்த இடத்தில்தான் அம்மனிதரை நான் வணங்குகிறேன். குற்றத்தைப் பிறர்மேல் போடாமல், அதே பொருளைத் தம் தொடைக்குள் செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் கவனித்தார். கட்டிகள் தோன்றின. தோற்ற மூட்டுகளைத் தாமே மறுபடி அறுத்து அகற்றினார்.

1962-இல் ஒரு விற்பனையாளர் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொணர்ந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, பயன்படாது என்றுவிட்டார். அவர் வெளியூர் சென்றிருந்தபோது அதைத் தேய்ப்பு இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தவர் பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன். மருத்துவர் ஒதுக்கியதைத் தொழிலாளி காப்பாற்றினார் எனலாம்! அது தேயவே மறுத்தது. அவ்வாண்டு நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

பட்ட அடி அவருக்கு மறக்கவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றுக்கொள்ளாத மருத்துவர்களுக்குத் தம் மூட்டை விற்கப் பல ஆண்டுகள் அனுமதிக்கவில்லை. சீழ்பிடிக்காதிருக்க, தூய காற்று வீசும் தனிக்கூண்டு அமைத்து அதனுள் அறுவை செய்தார். 1977-இல் சர் பட்டம் கிடைத்தது. 1982-இல் காலமானார். தம் நோயாளிகளிடம் அவர் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: இறந்தபின் அந்த மூட்டைத் திருப்பித் தர வேண்டும், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக.