பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனார்

திருத்தணி எமது ஊராதலின், இம்மலருக்குச் சான்றோர் ஒருவரின் சரிதம் எழுதித் தருமாறு யாம் பணிக்கப்பெற்றபோது, டாக்டர் இராதாகிருஷ்ணனாரைப் பற்றியே எழுதுவோமென நண்பர் யாவரும் எண்ணினர். எம்மூர்ப் பள்ளிச் சிறார்க்கு அவர் வரலாறு மனப்பாடம். அதனை எழுத வல்லாரும் பலர் உளர். யாம் எழுதப் புகுந்தது வேறொருவரைப் பற்றி. அதற்குக் காரணமாயிருந்ததும் எம்மூர் மலையே.

ஆடிக் கிருத்திகை நாளில் அம்மலையின் 365 படிகளையும் காவடி சுமந்தோர் ஏறிச் செல்வதைச் சிறு வயது முதல் கண்டு வந்திருக்கிறோம். தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும், இளையோரும் எழுபது கடந்தோரும் ஏறுவர். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய ஓரிரவு இதனைக் கூறிக்கொண்டிருந்தபோது, உயிர்வேதியியல் பயிலும் எம் அறைத்தோழர், அத்தனை பேரையும் ஏற்றிவிடுவது குதிகாலின் மேலுள்ள தசைநாண் என்றார். அந்நாண் பெரும்பாலும் கொலாஜன் என்னும் ஒரு புரதத்தால் ஆயதென்றும், மனித உடலிலுள்ள புரதங்களுள் மிகுதியானது அதுவேயென்றும், அது மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றதெனக் கண்டு சொன்ன இடம் சென்னைக் கிண்டியென்றும் கூறினார். இறுதியாகக் கூறியதை யாம் நம்பினோமல்லேம். மறுநாள் நூலகத்தில் தேடத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை.

இராமச்சந்திரனார் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்து நெல்லைச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரத்தைக் குறிப்பது. தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். எண்ணையும் வடிவையும் ஒருங்கே காணும் ஆற்றல் மைந்தருக்கு வீட்டிலேயே வாய்த்தது போலும். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பௌதிக ஆனர்ஸ் பயின்று 1942-இல் முதன்மையாகத் தேறினார். எம்மைப் போலவே மிஷன் கல்லூரியொன்றில் ஆனர்ஸ் பயின்றவர் என்றறிந்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்!

பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவர்தம் நுண்ணறிவைக் கண்ட சர் சி. வி. இராமன், இவர் மின்பொறியியலுக்கு மிஞ்சியவர் என்று சொல்லித் தம் துறைக்கே மாற்றிக்கொண்டார். கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றபின், 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ் காவெண்டிஷ் ஆய்வகத்தில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராய்ந்து மீண்டும் ஒரு பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். 1952-இல் சென்னைப் பல்கலைக் கழகத்துப் பௌதிகத் துறைத் தலைமையை ஏற்குமாறு துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் முதலில் அழைத்தது இராமனாரையே. அவர் தாம் வாராது தம் மாணவரைக் காட்டினார். முப்பது வயதும் நிரம்பாத ஒருவர் இவ்வாறு துறைத்தலைவரானார்.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவுபடவில்லை என்று எடுத்துரைத்தார். இராமச்சந்திரனார் அதனைப் பற்றிக்கொண்டார். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. தோலைப் பதனிடுவோருக்குக் கொலாஜனே மூலப்பொருளாதலின், கிண்டிக்கும் அந்நிலையத்திற்கும் உண்டான இவ்வுறவில் வியப்பில்லை. கோபிநாத் கார்த்தாவுடன் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பை 1954-இலும், அம்மூன்றும் தனித்தனியே சுருண்டு, பின் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறிய வடிவை 1955-இலும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசீனாக இருப்பதன் காரணமும் இதனால் விளங்கிற்று. கயிற்றின் நடுவே இடம் மிகக் குறுகியது. பக்கக்கிளையாக ஒரே ஹைட்ரஜன் அணுவையுடைய கிளைசீனன்றி வேறெதுவும் அங்கே அடங்காது.

இவ்விடத்தில்தான் துன்பம் நேர்ந்தது. அவ்வாண்டே கேம்பிரிட்ஜிலிருந்து ரிச், கிரிக் என்னும் இருவர், முப்புரி முறுக்கை ஏற்றுக்கொண்டு, உட்பிணைப்பில் திருத்தம் கூறினர். மும்மூன்று அமிலத்திற்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னையார் கொண்டதை ஒன்றெனக் குறைத்தனர். சென்னை வடிவில் சில அணுக்கள் நெருங்கத் தகாத அளவு நெருங்கிவிட்டன எனவும் குறை கூறினர். கிரிக்கோ டி.என்.ஏ.யின் வடிவைக் கண்டு மூன்றாண்டுகூட முழுதும் கழியாத புகழினர். இராமச்சந்திரனாரின் மனம் பெரிதும் புண்பட்டது. பிணைப்பின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை பிற்காலத்துப் படிக ஆராய்ச்சி கேம்பிரிட்ஜார் பக்கமே நின்றது. இதனை மறைப்பது சரிதம் எழுதுவோர்க்கு அழகன்று. இராமச்சந்திரனாரும் 1968-இல், இரண்டாவது பிணைப்பு நீர் மூலக்கூறு ஒன்றன் வழியே அமையலாமெனத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். எனினும், முப்புரி முறுக்கு என்னும் அடிப்படை கிண்டியில் தோன்றியதே.

புண்பட்டவர் எதிர்வாதம் எழுதுவதோடு நின்றிருக்கலாம். அவர் வேறொரு வினாவை எழுப்பினார். அணுக்கள் மிக நெருங்கின என்கிறார்களே, மிக என்பதற்கு அளவு யாது? ஆராய்ந்தபோது, யாவரும் ஒப்பிய அளவு ஒன்றும் இல்லையெனத் தெரிந்தது. ஆகவே, உலகெங்கும் அதுகாறும் அளந்து வெளியிடப்பெற்ற அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் முதலியவற்றின் படிக அமைப்புகளையெல்லாம் அவரும் மாணவரும் ஒவ்வொன்றாகப் படித்து, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு நெருங்கி நிற்கிறதெனத் திரட்டினர். திரட்டியதை ஓர் அட்டவணையாக்கினர். ஒவ்வோர் அணுச்சோடிக்கும் இயல்பான எல்லை ஒன்று, அருகி வரும் கடைசி எல்லை ஒன்று என இரண்டு. பிணைப்பில்லாத இரு கார்பன் அணுக்களுக்கு முன்னது 3.2 ஆங்ஸ்ட்ராம், பின்னது 3.0. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடம் புதிதாகத் தோன்றவில்லை. எம்மெய்யெழுத்தின் பக்கத்தில் எம்மெய் நிற்கும், எது நில்லாது என்று வழக்கைத் திரட்டி மெய்ம்மயக்கம் வகுத்த தொல்காப்பியர் செய்ததும் இத்தகையதே. அவர் சொற்களை ஆக்கவில்லை. சொற்கள் எவ்வாறு அமையும் என்பதற்கு எல்லை கண்டார். பௌதிக மாணவர்கள் எம் ஒப்புமையைப் பொறுத்தருள்க.

அட்டவணை கைக்கு வந்தபின் அடுத்த அடி வைத்தனர். புரதச் சங்கிலி எவ்வளவு நீண்டதாயினும், ஒவ்வோர் அமிலத்தின் இடத்திலும் முதுகெலும்பு போன்ற அதன் தொடர் முக்கியமாக இரண்டு பிணைப்புகளைச் சுற்றியே திரும்ப வல்லது. அவ்விரு திருப்பங்களுக்கும் ஃபை, சை எனப் பெயர். ஒன்றைக் கிடைக்கோட்டிலும் மற்றதை நெடுங்கோட்டிலும் வைத்து, ஒவ்வொரு சேர்க்கையிலும் அணுக்கள் அட்டவணையின் எல்லையை மீறுகின்றனவா எனக் கணக்கிட்டனர். பெரும்பகுதி மீறியது. எஞ்சியவை கடலில் தீவுகள் போன்ற சில சிறு நிலங்களே. பாலிங் முன்னர்க் கண்ட ஆல்ஃபா சுருளும் பீட்டாத் தகடும் அந்நிலங்களுக்குள்ளேயே வீழ்ந்தன. கிளைசீனுக்கு மட்டும் நிலம் அகன்றிருந்தது. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மாணவருடன் சேர்ந்து அவர் 1963-இல் ஐந்து பக்கக் கட்டுரையாக இதனை வெளியிட்டார். இராமச்சந்திரன் வரைபடம் என உலகம் வழங்குவது அதுவே.

அக்காலத்தில் முழு வடிவு அறியப்பட்ட புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னரே அவற்றைத் தொகுக்கும் முயற்சிகள் பெருகின. அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் அம்மையார் 1965-இல் 65 புரதங்களின் அமில வரிசையைத் தொகுத்து நூலாக்கினார். 1971-இல் புரத வடிவங்களுக்கெனப் பொதுச் சேமிப்பகம் ஒன்று ஏழே வடிவங்களுடன் தொடங்கப்பெற்றது; இன்று அவை இரண்டு இலட்சத்திற்கும் மேலாம். புதிதாக ஒரு வடிவைக் கண்டு அங்கே அனுப்புவோர், தம் வடிவிலுள்ள அமிலங்கள் இராமச்சந்திரனாரின் நிலங்களுக்குள் நிற்கின்றனவா எனச் சோதிக்கப்படுவர். புறத்தே நிற்பவை மிகுதியாயின், பிழை வடிவைக் கண்டவருடையதோ என்ற ஐயம் எழும். ஒரு காலத்தில் அணுக்கள் நெருங்கினவென்று குறைகூறப் பெற்றவர் வகுத்த அளவு, பின்னர் யாவருக்கும் அளவாயிற்று.

எஞ்சிய வாழ்வைச் சுருங்கச் சொல்வோம். முதலியார் 1969-இல் பதவியினின்று ஓய்வுற்றபின், 1970-இல் இராமச்சந்திரனார் சென்னையை விட்டு நீங்கினார். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து பொருளின் உள்வடிவை மீட்டுத் தரும் கணிதமுறையொன்றை 1971-இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் வெளியிட்டார், மருத்துவமனைகளில் உடலை ஊடறிந்து காட்டும் ஸ்கேன் கருவிகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது. 1977-இல் இலண்டன் இராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெறவில்லை. வழங்கியிருக்கலாம் என்போருள் யாமும் அடங்குவோம். 1998-இல் துணைவியார் இராஜலட்சுமி அம்மையார் மறைந்தது அவரைத் தளர்த்தியது. நோயும் உடன் சேர்ந்தது. 1999-இல் படிகவியலாரின் உலகச் சங்கம் எவால்ட் பரிசு அளித்துச் சிறப்பித்தது. 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 2003-இல், மனிதப் புரதங்களுக்கென ஒரு பொதுக் குறிப்புப் பட்டியல், பெங்களூரிலுள்ள உயிர்த்தகவலியல் நிலையத்தாராலும் அமெரிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தாராலும் வெளியிடப்பெற்றது. முதலில் அதில் இடம்பெற்றவை 2,750 புரதங்கள். ஒவ்வொன்றும் உடலில் எங்கே உளது, எதனுடன் சேரும், எந்நோயுடன் தொடர்புடையது என்பவற்றைக் கணிப்பொறியிடம் விட்டுவிடாமல், உயிரியல் கற்றோர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தாமே படித்துத் திரட்டினர். கிண்டியில் ஓர் ஆசிரியரும் மாணவரும் பிறர் அளந்த படிகங்களைப் படித்துத் திரட்டி நாற்பதாண்டு கடந்திருந்தது. காவடி சுமப்போரின் குதிகால் நாணிலுள்ள கொலாஜனும் அப்பட்டியலில் இடம்பெற்றது.