டென்னிஸை வெட்டவெளிக்குக் கொண்டுவந்த மேஜர்

பெங்களூர் கப்பன் பூங்கா வழியே வேலைக்குப் போகும் நம்மவர்கள் அங்குள்ள டென்னிஸ் மைதானங்களைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆட்டத்தைப் பெட்டியில் அடைத்து உலகுக்கு விற்றவர் ஒரு பட்டாளத்துக்காரர். பெயர் மேஜர் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு.

1833-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்த அவர், குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவில் பணிபுரிந்தார். 1860-ல் சீனப் போருக்கும் சென்று திரும்பினார்.

டென்னிஸ் என்ற பெயர் அவருக்கு வெகுகாலம் முந்தியது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் மன்னர்கள் நான்கு சுவர்களுக்குள், கூரைக்கு அடியில் அதை ஆடினார்கள். சுவரிலும் சாய்வான கூரையிலும் பந்து மோதித் திரும்புவதே அதன் அழகு. ஆனால் அதற்கென்று தனிக் கட்டடமே வேண்டும். சாதாரண மக்களுக்கு அது எட்டாக் கனி. துணி சுற்றிய அந்தப் பந்து புல்தரையில் எழும்பவும் செய்யாது.

ரப்பர் பந்து வந்ததும் விங்ஃபீல்டுக்கு வழி பிறந்தது. 1874 பிப்ரவரி 23-ந் தேதி காப்புரிமைக்கு மனுச் செய்தார். வலை, கம்பங்கள், மட்டைகள், பந்துகள், விதிப் புத்தகம் எல்லாம் ஒரே பெட்டியில். விலை 5 கினி. ஓராண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேல் விற்றன. அவருக்கு முன்பே பர்மிங்ஹாமில் ஹாரி ஜெம், பெரேரா என்ற இரு நண்பர்கள் புல்தரையில் இதுபோல் ஆடியதும் உண்மையே. எனினும் ஊர் ஊராகப் பரவியது மேஜரின் பெட்டியால்தான்.

ஆனால் ஆட்டம் வளர வளர அவர் கையை விட்டு நழுவியது. 1875-ல் மேரிலிபோன் கிரிக்கெட் கிளப் பொது விதிகளை வகுத்தது. 1877-ல் விம்பிள்டனில் 22 பேர் மோதிய முதல் போட்டியில், இடுப்பு சிறுத்த அவருடைய மைதானம் நீள்சதுரமாயிற்று. அவர் வைத்த எண்ணிக்கை முறையும் போய், பழைய அரண்மனை ஆட்டத்தின் 15, 30, 40 திரும்பி வந்தது. அதே ஆண்டு காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்.

பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்த அவர், 1912 ஏப்ரல் 18-ந் தேதி லண்டனில் காலமானார். டைட்டானிக் மூழ்கிய அதே வாரம்.

சுவருக்குள் ஆடும் பழைய ஆட்டம் இன்று நான்கே நாடுகளில் உயிரோடிருக்கிறது. அவர் வெளியே கொண்டுவந்த ஆட்டமோ ஆடப்படாத நாடில்லை. உரிமை போனாலும் உழைப்பு வீண்போகவில்லை.