படநூல் தந்த ஆசான்

பள்ளி நூல் நிலையத்துள் முதன்முதலாக அடியெடுத்து வைக்கும் சிறு குழந்தையை நாம் உற்று நோக்குதல் வேண்டும். அலமாரிகளில் அடுக்கப்பட்ட பெரிய நூல்கள் அதன் கண்ணைக் கவர்வதில்லை. தாழ்ந்த பலகையின்மீது விரித்து வைக்கப்பட்டிருக்கும் படநூலையே அது நாடிச் செல்லும். படத்திலுள்ள ஆட்டைத் தொட்டுப் பார்க்கும். பறவையைக் கண்டு நகைக்கும். எழுத்தறியுமுன் கண்ணால் கற்கும் கல்வி இதுவேயாகும். ஆதலின், இளஞ்சிறார்க்குரிய படநூல்களைத் தெரிந்தெடுக்கும் பணி எளியதெனக் கருதத்தக்கதன்று. அவ்வரிய பணியைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்து, உலகம் போற்றும் படநூல் ஒன்றைத் தாமே ஆக்கித் தந்தவர் ஜான் ஆமோஸ் கொமீனியஸ் என்னும் பேராசான் ஆவார்.

கொமீனியஸ் 1592-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் மொரேவியா நாட்டில் பிறந்தார். அந்நிலப்பகுதி இந்நாளில் செக் குடியரசில் அமைந்துள்ளது. அவர்தம் குடும்பத்தார் சகோதரர் சபை என்னும் சிறிய கிறித்தவச் சமயக் குழுவினைச் சார்ந்தவர். கொமீனியஸ் பன்னிரண்டு வயதினை எட்டிய காலத்தில் தந்தையையும் தாயையும் இழந்தார். அத்தையின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்த அச்சிறுவருக்கு அங்கும் அமைதி கிட்டவில்லை. 1605-ஆம் ஆண்டில் படையெடுத்து வந்தோர் அவ்வூரை எரியூட்டி அழித்தனர். கல்வியும் இடையறவுபட்டது.

பதினாறாம் வயதில்தான் அவர் ப்ஷெரோவ் நகரத்து இலத்தீன் பள்ளியிற் சேர்ந்தார். அக்காலத்து ஐரோப்பாவில் கல்வி என்றால் இலத்தீன் மொழிக் கல்வியே. மாணவர் அறியாத அம்மொழியின் இலக்கணத்தை அம்மொழியிலேயே எழுதப்பட்ட விதிகளால் கற்பித்தனர். பொருள் விளங்காத சொற்களை மாணவர் நெட்டுருச் செய்தனர். தவறினால் பிரம்படி பெற்றனர். பிறரினும் காலந்தாழ்த்திப் பள்ளி புகுந்தமையால், கொமீனியஸ் இக்குறையினைத் தெளிவுற உணரும் அறிவு முதிர்ச்சி பெற்றிருந்தார். சொல்லைக் கற்பிப்போர் அச்சொல் குறிக்கும் பொருளைக் காட்டாமல் விடுவதே எல்லாத் துன்பத்திற்கும் காரணம் என்பதை அவர் கண்டார். கசப்பு நிறைந்த அந்நாட்களே அவருடைய வாழ்நாள் தொண்டிற்கு வித்தாயின.

பின்னர் அவர் ஜெர்மன் நாட்டு ஹெர்போர்ன், ஹைடல்பர்க் ஆகிய நகரங்களில் உயர்கல்வி பயின்றார். 1614-ஆம் ஆண்டில், கோப்பர்நிக்கஸ் என்னும் வானியல் அறிஞர் தம் கைப்பட எழுதிய நூலின் மூலப்படி விலைக்கு வருவதை அறிந்து, தம்மிடமிருந்த பொருளைக் கொடுத்து அதனை வாங்கினார். கைப்பொருள் குறைந்தமையால் கால்நடையாகவே தாயகம் திரும்பினார் என்பர். நூலின்மீது அவர் கொண்டிருந்த காதலுக்கு இந்நிகழ்ச்சி ஒன்றே சான்றாகும்.

தாயகம் மீண்ட கொமீனியஸ் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1618-ஆம் ஆண்டில் ஃபுல்னெக் என்னும் ஊரில் சமய குருவாகவும் பள்ளித் தலைவராகவும் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620-ஆம் ஆண்டில் நிகழ்ந்த வெண்மலைப் போரில் அவர் நாட்டவர் தோல்வியுற்றனர். அடுத்த ஆண்டில் ஃபுல்னெக் நகர் சூறையாடப்பட்டது. கொமீனியஸ் மனைவி மக்களைப் பிரிந்து ஒளிந்து வாழ நேர்ந்தது. அவருடைய நூல்கள் அழிந்தன. 1622-ஆம் ஆண்டில் அவர்தம் மனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளை நோய்க்கு இரையாயினர். 1628-ஆம் ஆண்டில் அவர் பிறந்த நாட்டைவிட்டே வெளியேறிப் போலந்து நாட்டு லெஷ்னோ நகரில் குடியேறினார். பின்னர் அவர் தம் தாயகத்திற்குத் திரும்பி வாழும் பேறு பெற்றாரில்லை.

நாடிழந்தார், வீடிழந்தார், எனினும் நம்பிக்கையை இழந்தாரில்லை. மக்கள் ஒருவரையொருவர் அழிக்கும் கொடுமையை ஒழிக்கவல்லது நல்ல கல்வியே என்று அவர் உறுதி பூண்டார். ஆண், பெண், செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி எல்லோரும் எல்லாவற்றையும் கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1631-ஆம் ஆண்டில் லெஷ்னோவில் அவர் வெளியிட்ட மொழிவாயில் என்னும் பாடநூல், ஏறத்தாழ 8,000 இலத்தீன் சொற்களை 1,000 வாக்கியங்களில் அமைத்து, உலகப் பொருள்கள் அனைத்தையும் முறைப்படுத்திக் கூறிற்று. அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. கொமீனியஸின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது. இங்கிலாந்து நாட்டினர் 1641-ஆம் ஆண்டில் அவரை அழைத்தனர். சுவீடன் நாட்டினர் தம் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் எழுதித் தருமாறு வேண்டினர்.

1650-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுச் சாரோஸ்படாக் நகரிலிருந்து அழைப்பு வந்தது. அங்குள்ள பள்ளியைச் சீர்திருத்தும் பணியில் அவர் நான்கு ஆண்டுகள் ஈடுபட்டார். தம் மொழிவாயில் நூலும் சிறுவர்க்குச் சுமையாகவே இருத்தலை அவர் உணர்ந்தார். கண்டிராத பொருளின் பெயரைக் கற்றல், நிழலைப் பிடிக்க முயல்வது போன்றதன்றோ? ஆதலின், ஒவ்வொரு பொருளையும் படத்தில் காட்டி, அதனருகே அதன் பெயரைக் கூறும் புதுவகை நூல் ஒன்றை எழுதத் தொடங்கினார். கண்ணால் காணும் உலகத்தைப் படத்தில் காட்டும் அந்நூலை ஆர்பிஸ் பிக்டஸ் என்று சுருக்கமாக வழங்குவர்.

நூல் எழுதப்பட்டது, ஆனால் அதனை அச்சிடுதல் எளிதாக இல்லை. அந்நூலின் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுதல் வேண்டியிருந்தது. அத்தகைய நுண்தொழில் வல்லார் சாரோஸ்படாக்கில் கிடைத்திலர். ஆதலின் ஜெர்மன் நாட்டு நூரம்பர்க் நகரத்தில் அச்சுக்கூடம் நடத்திய மைக்கேல் எண்ட்டர் என்பாரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. கட்டைகளைச் செதுக்கும் வேலை காரணமாக நூல் வெளிவரக் காலம் நீண்டது.

இதற்கிடையில் லெஷ்னோவிற்குத் திரும்பிய கொமீனியஸைப் பேரிடி ஒன்று தாக்கியது. 1656-ஆம் ஆண்டு, போலந்திற்கும் சுவீடனுக்கும் நடந்த போரின்போது, லெஷ்னோ நகரம் தீக்கிரையாயிற்று. அவர் வீடும் நூல்களும் எரிந்தன. தம் தாய்மொழியாகிய செக் மொழிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் தொகுத்து வந்த பேரகராதியின் கையெழுத்துப் படியும் சாம்பலாயிற்று. உற்றாரை இழந்தபோதும் உள்ளம் தளராத அம்முதியவர், இவ்விழப்பை எண்ணி இறுதிவரை வருந்தினார். ஆம்ஸ்டர்டாம் நகரத்து வள்ளல் ஒருவர் அவருக்கு அடைக்கலம் அளித்தார்.

லெஷ்னோ எரிந்து ஈராண்டுகள் கழித்து, 1658-ஆம் ஆண்டில், நூரம்பர்க் நகரிலிருந்து அப்படநூல் வெளிவந்தது. பேரறிஞர்களுக்கென நாற்பதாண்டுகள் உழைத்துத் தொகுத்த அகராதி அழிந்தது. சின்னஞ்சிறார்க்கென எழுதிய சிறுநூலோ நிலைபெற்றது.

அந்நூல் 150 பாடங்களைக் கொண்டது. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் ஒரு படம் உண்டு. படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும். கீழேயுள்ள வாக்கியங்களில் அப்பொருளின் பெயரருகே அதே எண் காணப்படும். ஒருபுறம் இலத்தீன் மொழியிலும் மறுபுறம் ஜெர்மன் மொழியிலும் பாடம் அமைந்திருந்தது. தாய்மொழியை விலக்கிவிட்டு வேற்றுமொழியைக் கற்பித்தல் தகாது என்பது ஆசிரியர் கருத்து. விண், தீ, காற்று, நீர், மேகம் ஆகியவற்றையும், மரஞ்செடிகளையும், பறவைகளையும், விலங்குகளையும் அந்நூல் காட்டிற்று. அத்துடன் நில்லாது, உழவர் உழுதலையும், மாவரைப்போர் மாவரைத்தலையும், தச்சர், நெசவாளர், அச்சுத் தொழிலாளர், நூல் கட்டுவோர் முதலியோர் தத்தம் தொழில் புரிதலையும் அது எடுத்துக்காட்டிற்று. உழைப்பாளியின் கைத்தொழிலும் பாடநூலில் இடம்பெறும் தகுதியுடையது என்பதை மாணவர் அதனால் உணர்ந்தனர்.

எழுத்துகளைக் கற்பித்த முறை இன்னும் சுவையானது. ஒவ்வோர் எழுத்தின் ஒலிக்கும் ஓர் உயிரினத்தின் குரலையோ இயற்கையின் ஓசையையோ அவர் எடுத்துக்கொண்டார். காக்கை கரைவதும், ஆட்டுக்குட்டி கத்துவதும், குழந்தை அழுவதும், காற்று வீசுவதும், ஓநாய் ஊளையிடுவதும், கரடி உறுமுவதும், பாம்பு சீறுவதும் அங்கே எழுத்துகளாயின. குழந்தை முன்னரே அறிந்த ஒலியைக்கொண்டு, அறியாத எழுத்தை அறிமுகப்படுத்திய திறம் வியக்கத்தக்கது.

நூலைப் பயன்படுத்தும் முறையையும் அவர் முன்னுரையில் விளக்கினார். பள்ளிக்கு அனுப்புமுன் வீட்டிலேயே அந்நூலைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடல் வேண்டும். அது தன் விருப்பம்போல் படங்களைப் பார்த்து மகிழட்டும். பின்னர், இது யாது, இதன் பயன் யாது என்று வினவுதல் வேண்டும். குழந்தை விரும்பினால் படங்களைப் பார்த்து வரைவதற்கும் இடந்தருதல் வேண்டும். உண்மைப் பொருள் கிடைக்குமாயின் அதனையே காட்டுதல் வேண்டும். கரிய மையால் அச்சிட்ட படத்தில் நிறங்களையும் சுவைகளையும் காட்டவியலாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். படம் பொருளுக்குத் துணையேயன்றி மாற்றாகாது.

அந்நூல் குறைகளே இல்லாதது என்று கூறுதற்கில்லை. ஒரே படத்தில் பல பொருள்கள் நெருங்கி நிற்றலால், சிறு கண்கள் சில இடங்களில் தடுமாறும். கண்ணுக்குப் புலப்படாதவற்றையும் படத்தில் காட்ட அவர் முயன்றார். மனித ஆன்மாவைக் காட்டுதற்கு, புள்ளிகளால் ஆகிய ஒரு மனித உருவத்தையே அமைத்தார். அறிஞர்க்கு அது சிந்தனைக்கு விருந்தாகலாம். குழந்தைக்கோ அது விளங்காப் புதிரேயாகும். எனினும் இக்குறைகள் அவர்தம் அரிய முயற்சியின் பெருமையைக் குறைத்துவிடா.

1659-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. 1666-ஆம் ஆண்டில் நான்கு மொழிகளில் ஒருசேர அச்சாயிற்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியச் சிறுவர் அதனைப் பயின்றனர். ஜெர்மன் பெருங்கவிஞராகிய கதே தம் இளமையில் விரும்பிப் பார்த்த நூல்களுள் அதுவும் ஒன்று. கொமீனியஸ் 1670-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். அருகிலுள்ள நார்டன் என்னும் ஊரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்த மார்ச்சு 28-ஆம் நாளைச் செக் நாட்டினர் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

மாணவர்களே! உங்கள் பள்ளி நூல் நிலையத்தில் இளஞ்சிறார்க்கு நூல் தெரிந்தெடுக்கும் பொறுப்பு ஒருநாள் உங்களிடம் வரக்கூடும். தம்பி தங்கையருக்கு நூல் வாங்கித் தரும் வாய்ப்போ இப்பொழுதே உங்களுக்கு உண்டு. அவ்வேளையில் கொமீனியஸை நினைவுகூர்மின். அட்டையின் பளபளப்பைக் கண்டு மயங்காதீர். படம் உண்மைக்கு ஒத்துள்ளதா, படமும் சொல்லும் ஒன்றையொன்று விளக்குகின்றனவா, குழந்தை அறிந்ததிலிருந்து அறியாததற்கு நூல் அழைத்துச் செல்கின்றதா, அதன் தாய்மொழி இனிய எளிய முறையில் ஆளப்பட்டுள்ளதா என்று ஆராய்மின். பின்னர் நூலைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுமின். அழுக்காகும், கிழியும் என்று அஞ்சி அலமாரியில் பூட்டி வைத்த படநூலால் யாருக்கு என்ன பயன்? போரும் தீயும் தம் உடைமைகளையெல்லாம் அழித்தபின்னும், முன்பின் அறியாத குழந்தைகளின் கண்களுக்கு உலகைக் காட்டிச் சென்ற அப்பெரியோருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு, ஒரு குழந்தையின் கையில் ஒரு நல்ல படநூலைச் சேர்ப்பதேயாகும்.