நூலில் தொங்கிய படிகம்

தினமும் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிற நமக்குக் கிறிஸ்தவக் கல்லூரி தெரியாமல் இருக்காது. ஆனால் அது இங்கே வந்தது 1937-ல்தான். அதற்கு முன்பு ஜார்ஜ் டவுனில் இருந்தபோது, அதன் கெமிஸ்ட்ரி லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக ஒரு இளைஞர் வேலை பார்த்தார். மதிய இடைவேளையில் மாணவர்களோடு உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பார். வேற காலேஜ் பசங்களும் வந்துவிடுவார்கள். (நம்ம லேபில் டெமான்ஸ்ட்ரேட்டரைக் கண்டதும் ரெக்கார்டு நோட்டை ஒளிக்கிறவங்க கவனிக்கணும்!)

அவர்தான் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். கல்கத்தா போய் சர் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது கூடவே உழைத்தவர் அவர். முதல் அறிவிப்பில் இரண்டு பேர் பெயரும் உண்டு. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். நாம் பரீட்சையில் எழுதும்போதாவது இந்தப் பெயரையும் சேர்த்து எழுதலாமே என்று எனக்குத் தோணும்.

1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகம் போனார். அங்கே பெரிய மெஷின் எதுவும் தேவைப்படாத ஒரு முறையை உருவாக்கினார். காந்தத் துருவங்களுக்கு நடுவே மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைத் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கினால், படிகம் காந்தப்புலத்தை விட மனசில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். 45 டிகிரி தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். எத்தனை சுற்று முறுக்கினோம் என்பதிலிருந்து, படிகத்தின் காந்த குணம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போடலாம்.

திசையில் அப்படி என்ன இருக்கு என்று கேட்டால், மாங்கனீஸ் ஃபுளோரைடைப் பாருங்கள். சதுர அடித்தளப் பெட்டி மாதிரி அமைப்பு. எட்டு மூலையிலும் நடுவிலும் மாங்கனீஸ், ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு ஃபுளோரின். சாதாரண வெப்பநிலையில் எந்தத் திசையில் அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே காந்த குணம்தான். மைனஸ் 206 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால் கதையே வேற. மூலை அணுக்களின் காந்தம் மேலே பார்க்கும், நடு அணுவினுடையது கீழே பார்க்கும். வெளியே காந்தமே இல்லாத மாதிரி இருக்கும். குளிர் ஏற ஏற, நெடுக்கு அச்சில் ஏற்புத்திறன் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். குறுக்கே அவ்வளவாக மாறாது. 1950 வாக்கில் அமெரிக்காவில் ஸ்டவுட், கிரிஃபெல் இருவரும் இந்த வித்தியாசத்தை அளந்தார்கள். படிகத்தைத் தூளாக்கி அளந்திருந்தால் எல்லாத் திசையும் கலந்து, சராசரி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

கிருஷ்ணன் பிறகு கல்கத்தா, அலகாபாத் என்று போய், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர் ஆனார். முதல் பட்நாகர் பரிசும் 1958-ல் அவருக்குத்தான். 1961-ல் இறக்கும்வரை அந்த ஆய்வுக்கூடத்திலேயே இருந்தார்.