பீட்டர் லுட்விக் பானும்

பீட்டர் லுட்விக் பானும் (டிசம்பர் 19, 1820 - மே 2, 1885) டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். 1846 ஆம் ஆண்டில் பரோ தீவுகளில் பரவிய தட்டம்மை பற்றி இவர் மேற்கொண்ட ஆய்வு, நோய்ப்பரவலியலின் தொடக்ககால ஆய்வுகளுள் முதன்மையான ஒன்றாகக் கருதப்படுகின்றது.

வாழ்க்கைச் சுருக்கம்

பானும் பால்டிக் கடலிலுள்ள போர்ன்ஹோம் தீவின் ரொன்னே நகரில் பிறந்தார். கீல், கோபன்ஹேகன் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். 1853 இல் கீல் பல்கலைக்கழகத்திலும், 1864 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். அழுகிய பொருட்களில் உண்டாகும் நச்சு குறித்தும், குருதி மாற்றீடு குறித்தும் ஆய்வுகள் செய்தார். 1884 இல் கோபன்ஹேகனில் நடைபெற்ற அனைத்துலக மருத்துவ மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

பரோ தீவுகளில் தட்டம்மை

வட அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்து அமைந்துள்ள பரோ தீவுகளில் 1781 ஆம் ஆண்டுக்குப் பின் 65 ஆண்டுகளாகத் தட்டம்மை தோன்றவில்லை. 1846 மார்ச்சு மாத இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து வந்த தச்சர் ஒருவர் வழியாக நோய் மீண்டும் நுழைந்தது. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேருக்கு மேல் நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டேனிய அரசு, பானும், ஆகஸ்ட் மானிகஸ் ஆகிய இரு இளம் மருத்துவர்களை அங்கு அனுப்பியது.

ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தமையால், யார் யாரை எந்நாளில் சந்தித்தார் என்பதைத் துல்லியமாக அறிய முடிந்தது. சோர்னுவீக் என்னும் ஊரிலிருந்து பத்துப் பேர் சூன் 4 அன்று வெஸ்ட்மன்னாவில் திமிங்கில வேட்டையில் கலந்துகொண்டனர். சூன் 18 அன்று அப்பத்துப் பேருக்கும் தோலில் தடிப்பு தோன்றியது. இத்தகைய பதிவுகளிலிருந்து, தொற்று ஏற்பட்டுச் சுமார் 14 நாட்களில் தடிப்பு தோன்றும் எனப் பானும் முடிவு செய்தார்.

1781 இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்களுள் ஒருவருக்கும் இம்முறை நோய் வரவில்லை. அப்போது நோய் வராத முதியவர்களோ இம்முறை நோயுற்றனர். எனவே ஒருமுறை பெற்ற நோயெதிர்ப்பாற்றல் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்றும், இந்நோய் கெட்ட காற்றால் அன்றி ஆளிடமிருந்து ஆளுக்கே தொற்றுகின்றது என்றும் அவர் காட்டினார். தம்மைத் தனிமைப்படுத்திக்கொண்ட சில ஊர்களும் வீடுகளும் தப்பியதை இதற்குச் சான்றாகக் கொண்டார். ஆய்வு முடிவுகள் 1847 இல் வெளியாயின.

தடிப்பு தோன்றும் வேளையிலேயே நோய் மிகுதியாகத் தொற்றும் என அவர் கருதினார். தடிப்புக்கு ஏறத்தாழ 4 நாட்கள் முன்பிருந்தே அது தொற்றும் என்பது பின்னர் அறியப்பட்டது.

முக்கியத்துவம்

தொலைவு ஒரு சமூகத்தை நோயிலிருந்து நிலையாகக் காப்பதில்லை என்பதையும், நோய் வராத ஒவ்வோர் ஆண்டும் எதிர்ப்பாற்றல் அற்றோரின் எண்ணிக்கை பெருகுகின்றது என்பதையும் பரோ தீவுகளின் நிகழ்வு உணர்த்துகின்றது. 1963 இல் தட்டம்மைத் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்த பின்னரும் இவ்வுண்மை மாறவில்லை. பரவலைத் தடுக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இரு தவணை தடுப்பூசி பெற்றிருத்தல் வேண்டும். நாட்டின் சராசரி உயர்வாக இருப்பினும், எல்லைப்புற மலையூர்களிலும் தீவுகளிலும் குழந்தைகள் விடுபட்டிருந்தால், வெளியிலிருந்து வரும் ஒருவரே அங்கு நோயைப் பரப்பப் போதுமானவர்.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பானும் நிறுவனம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.